பூனைக்காலிக் கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு போகிற வழியில், பாக்குத்தோப்பு வேலிகளின் ஓரமாய்க் கவனித்துப் பாருங்கள். புதர்மேல் ஏறிப் படர்ந்த ஒரு கொடி கண்ணில் படலாம். ஊதாப் பூ, கொத்துக் கொத்தாய்த் தொங்கும். பூ முடிந்தால் காய். வளைந்த காய். மேலெல்லாம் வெல்வெட் துணி சுற்றினாற்போல் பழுப்பு ரோமம். அழகாயிருக்கிறதே என்று தொட்டீர்களோ, தொலைந்தீர்கள்! சுணை. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. பிடிக்காத வாத்தியாரின் நாற்காலியில் இதைத் தேய்த்து வைத்துவிட்டு, அப்பாவி முகத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகானுபாவர்கள் இதைப் படிப்பவர்களிலும் சிலர் இருக்கக்கூடும்.

பூனைக்காலி என்று பெயர். நாட்டு மருந்துக் கடையில் விதையாகவும் கிடைக்கும், பொடியாகவும் கிடைக்கும். எதற்கு என்று கேட்டால் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு மாதிரியாகச் சிரிப்பார். அந்தச் சமாசாரம் இருக்கட்டும். சற்று முன் இந்தப் பக்கத்தைப் புரட்டினீர்களே, அந்தச் சின்ன அசைவுக்கு உங்கள் தலைக்குள் ஒரு ரசாயனம் தேவைப்பட்டது. அதை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான், எப்படி அளந்தான் என்பதுதான் இந்த வாரக் கதை. பூனைக்காலி அதில் இரண்டு முறை வந்துபோகிறது.

முதல் வருகை, 1937. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்று இரண்டு பேர். பூனைக்காலி விதையை அரைத்து, கரைத்து, வடிகட்டி, அதிலிருந்து ஒரு அமினோ அமிலத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கிறார்கள். லண்டனிலிருந்து வெளிவரும் உயிர்வேதியியல் சஞ்சிகையில் நாலே நாலு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. பிரித்தெடுத்த பொருளின் பெயர் எல்-டோபா.

அது உலகத்துக்குப் புதிதல்ல. 1913-லேயே ஸ்விட்சர்லாந்தில் மார்க்கஸ் குகன்ஹைம் என்கிற வேதியியல்காரர் ஒரு வகை அவரையிலிருந்து அதை எடுத்திருந்தார். என்ன செய்யும் என்று பார்க்க, இரண்டரை கிராம் அளவுக்குத் தானே விழுங்கியும் பார்த்தார். மனிதர் குமட்டி வாந்தியெடுத்ததுதான் மிச்சம். உபயோகமில்லாத சரக்கு என்று முடிவானது. சென்னைக்காரர்களும் விதைக்குள் இது இருக்கிறது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். குறை சொல்வதற்கில்லை. மனித மூளைக்கும் இந்தப் பொருளுக்கும் சம்பந்தம் உண்டென்று 1937-ல் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

சரி, அப்படி என்ன சம்பந்தம்?

நம்மூர் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிற நீராவி எஞ்சின் கல்லாறு வரைக்கும் மற்ற ரயில்கள் மாதிரிதான் ஓடும். அங்கிருந்துதான் ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக ஒரு இரும்புப் பட்டை ஆரம்பிக்கும். எஞ்சினின் பல் சக்கரம் அதில் போய்க் கவ்வ வேண்டும். கவ்வினால் குன்னூர் வரை ஏறும். கவ்வவில்லை என்று வையுங்கள். எஞ்சினில் நீராவி இருக்கிறது, டிரைவருக்குப் போக மனசிருக்கிறது, தண்டவாளம் சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் ஏறாது. கிட்டத்தட்ட பார்க்கின்சன் நோயாளியின் நிலைமை அதுதான். தசையில் கோளாறில்லை, புத்தியில் கோளாறில்லை. எழுந்திரு என்று மனசு சொல்கிறது. கால் கேட்பதில்லை. சட்டைப் பொத்தான் போட கால் மணி நேரம். எழுத ஆரம்பித்தால் எழுத்து போகப்போகச் சிறுத்து எறும்பாகிவிடும். முகத்தில் சிரிப்பு வராது. ‘அப்பா ஏன் இப்பல்லாம் முறைச்சுக்கிட்டே இருக்கார்?’ என்று வீட்டில் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்கிற லண்டன் டாக்டர்தான் இதைப் பற்றி முதலில் ஒழுங்காக எழுதினார். அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அதிலும் சிலரைத் தெருவில் நடந்து போகும்போது பார்த்ததோடு சரி! நம் ஊர் வைத்தியர்கள் இதையெல்லாம் நடுக்குவாதம் என்ற கணக்கில் சேர்த்தார்கள். ஆயுர்வேதத்தில் வாத நோய்களுக்கான மருந்துப் பட்டியலில் பூனைக்காலி உண்டு. உடனே, ‘எல்லாமே நம் முன்னோர்களுக்கு அப்பவே தெரியும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். எந்த விதை எதற்கு உதவும் என்ற அனுபவம் இருந்தது. மூளைக்குள் எது குறைகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, லண்டன்காரர்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அளக்க வேண்டும். அளக்கக் கருவி வேண்டும்.

கருவி வருவதற்கு முன்னால் இன்னொரு இந்தியச் செடி வந்தது. சர்ப்பகந்தி.

1931-ல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், சர்ப்பகந்தி வேர் மனநோயையும் ரத்தக்கொதிப்பையும் அடக்குகிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், ரத்தக்கொதிப்பு நோயாளிகளிடம் அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஆங்கில மருத்துவ சஞ்சிகையில் எழுத, உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்து மாத்திரையாக்கி விற்க ஆரம்பித்தது. மனநல ஆஸ்பத்திரிகளில் ஏக வரவேற்பு. கூடவே ஒரு விபரீதமும் தென்பட்டது. அதிகமாக மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கை நடுங்கியது, நடை இறுகியது. அசப்பில் பார்க்கின்சன்! மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிட்டது. அப்படியானால் இந்த மாத்திரை மூளைக்குள்ளிருந்து எதையோ காலி பண்ணுகிறது. எதை?

ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் அதைத் தேடினார். 1955-ல் அமெரிக்காவுக்குப் போய், அங்கே புதிதாக வந்திருந்த ஒரு கருவியைப் பழகிக்கொண்டு திரும்பியவர். சில ரசாயனங்கள்மேல் குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால் அவை பதிலுக்கு மினுங்கும். எவ்வளவு மினுக்கமோ அவ்வளவு சரக்கு. அதை அளக்கிற கருவி. தூசு எடைக்குக் கூடக் கணக்குச் சொல்லிவிடும்.

1957-ல் முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார். முயல்கள் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு, தள்ளினாலும் நகராமல், துணி மூட்டை மாதிரிக் கிடந்தன. அடுத்து எல்-டோபா ஊசி. சென்னையில் பூனைக்காலியிலிருந்து எடுத்த அதே பொருள்தான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். காதுகள் விறைத்து நிமிர்ந்தன. முயல்கள் எழுந்து ஓடின!

மூளையை எடுத்து அளந்து பார்த்ததில் புதிர் விடுபட்டது. ரெசர்பின் கொடுத்ததும் டோபமின் என்ற பொருள் துடைத்துவிட்டாற்போல் காணாமல் போயிருந்தது. எல்-டோபா கொடுத்ததும் திரும்பி வந்திருந்தது. எல்-டோபாவிலிருந்துதான் மூளை டோபமினைச் செய்துகொள்கிறது. ஒரு செடி பிடுங்கிக்கொண்டதை இன்னொரு செடியில் இருக்கும் பொருள் திருப்பிக் கொடுத்துவிட்டது. 1960-ல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் கார்ல்சன் இதைச் சொன்னபோது பெரிய தலைகள் நம்பவில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2000-ல், நோபல் பரிசு வந்தது.

முயல் சரி. மனுஷன்?

அதே 1960-ல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிக்ஸ் என்ற இளைஞர், பார்க்கின்சனால் இறந்துபோன ஆறு பேரின் மூளைகளை வாங்கி வைத்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க, நரம்புக் கோளாறு எதுவும் இல்லாமல் இறந்த 17 பேரின் மூளைகள். மூளையின் அடியாழத்தில் அசைவைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பகுதியைத் துளி வெட்டி, கரைத்து, அயோடின் ரசாயனத்தைச் சேர்த்தார். டோபமின் இருந்தால் ரோஜா நிறம் வரும். சாதாரண மூளைக் குழாய்கள் பளிச்சென்று ரோஜா நிறமாயின. பார்க்கின்சன் மூளைக் குழாய்களில் நிறம் ஏறவே இல்லை. அளவுக் கருவியில் வைப்பதற்கு முன்பே வெறும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது வித்தியாசம்!

மறு வருஷமே சக டாக்டர் பிர்க்மாயரை விடாமல் நச்சரித்து, உயிரோடிருந்த நோயாளிகளுக்கு எல்-டோபாவை நரம்பு வழியே ஏற்ற வைத்தார். படுக்கையிலிருந்து எழுந்து உட்காரக்கூட முடியாதவர்கள் எழுந்தார்கள். நின்றார்கள். நடந்தார்கள். சில மணி நேரம்தான். பிறகு பழையபடி படுக்கை. 1967-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ், கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக்கொண்டே போய், வாய்வழியாகவே கொடுத்துத் தாங்க வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் பார்க்கின்சன் நோயாளிகளின் முதல் மாத்திரை எல்-டோபாதான். குமட்டாமல் இருக்கவும், வழியிலேயே வீணாகாமல் இருக்கவும் கூட ஒரு துணை மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள்.

கதை சுபம் என்று தோன்றும். இல்லை. அடியேன் பி.காம். படித்தவன். எனக்கு இந்த வியன்னாக் கணக்கைப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. ஹோர்னிகீவிக்ஸ் எடுத்தது இறுதி இருப்பு. கடையை மூடின பிறகு உள்ளே போய் எத்தனை மூட்டை மிச்சம் என்று எண்ணுகிற வேலை. வியாபாரம் எப்படி நடந்தது என்பதை அது சொல்லாது. காலை எத்தனை மூட்டை வந்தது, மத்தியானம் எத்தனை போனது? மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்காரர் யாரையாவது கேளுங்கள், இருப்பு வேறு, ஓட்டம் வேறு என்று விளக்குவார். உயிரோடிருக்கிற மனிதன் கையை நீட்டும்போது, காலை எடுத்து வைக்கும்போது, அந்த நிமிஷத்தில் டோபமின் எவ்வளவு வெளியே வருகிறது? அதை எப்படி எண்ணுவது? மண்டையைத் திறந்தா பார்க்க முடியும்? (கொஞ்சம் பொறுங்கள். அதையும் செய்திருக்கிறார்கள்.)

ரத்தப் பரிசோதனை உதவாது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு காவல் தடுப்பு இருக்கிறது. உள்ளேயிருக்கும் டோபமின் நிலவரத்தை வெளியே ஓடும் ரத்தம் காட்டிக்கொடுக்காது. டோபமினையே ஊசியாகப் போட முடியாமல் எல்-டோபாவாக அனுப்ப வேண்டியிருப்பதும் அதனால்தான். டோபாவுக்கு அந்த வாசலில் அனுமதி உண்டு, டோபமினுக்கு இல்லை.

வழி பிறந்தது பெட் ஸ்கேனில். 1983-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோபாவோடு லேசான கதிரியக்கமுள்ள ஃப்ளோரினைச் சேர்த்து ஊசி போட்டு, அது மூளையில் எங்கே போய்ச் சேர்கிறது என்று படம் பிடித்தார்கள். உயிருள்ள மனித மூளையின் டோபமின் கிடங்கை மனிதன் முதன்முதலாகப் பார்த்தான். ஆனால் அதுவும் கிடங்குதான். ஓட்டத்தைப் பார்க்க இன்னொரு தந்திரம் தேவைப்பட்டது. அது நமக்கு மிகவும் பழக்கமான தந்திரம்.

பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் உள்ளே நுழைகிறது. ஜன்னல் வழியாகத் துண்டு, கர்ச்சீப், மஞ்சள் பை எல்லாம் பறக்கின்றன. சீட்டுப் பிடிக்கிறோம். இப்போது, பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆட்களை எண்ண முடியாது. துண்டுகளை மட்டும்தான் எண்ண முடியும். ஆள் நிறைய ஏறி உட்கார்ந்துவிட்டால் துண்டு போட இடம் இருக்காது. துண்டு குறைந்தால் ஆள் கூடுதல். அவ்வளவுதான் சூட்சுமம். டோபமின் வந்து உட்காருகிற அதே இருக்கைகளில் உட்காரக்கூடிய ராக்ளோபிரைட் என்ற பொருளைக் கதிரியக்கம் ஏற்றி அனுப்புவார்கள். ஸ்கேனில் அதன் ஒளி மங்கினால், டோபமின் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

1998-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் எட்டு ஆண்களைப் படுக்க வைத்து, கையில் ஒரு மவுஸைக் கொடுத்து, வீடியோ கேம் ஆடச் சொன்னார்கள். திரையில் ஒரு பீரங்கி வண்டி. அதை ஓட்டிக்கொண்டு போய்க் கொடிகளைப் பிடிக்க வேண்டும். ஜெயித்தால் காசு. ஆட ஆட, ‘துண்டுகள்’ குறைந்தன. மனிதன் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கும்போதே மூளைக்குள் டோபமின் பெருகுவதைக் காட்டியது அந்தப் பரிசோதனை. உலகெங்கும் ஒரே பரபரப்பு.

கவனித்தீர்களா? அசைந்தது கை மட்டும். தலை அசையவில்லை. அசையக் கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும். ‘அசைவின் ரசாயனத்தை அளக்க வேண்டும், தயவுசெய்து அசையாதீர்கள்!’ இந்தத் துறையின் தலைவலியே இதுதான். போதாததற்கு, சில பரிசோதனைகளில் ஏற்றுகிற கதிரியக்கக் கார்பன் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துகொண்டே இருக்கும். அதைத் தயாரிக்கும் இயந்திரம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தாக வேண்டும்.

2000-ல் புரூக்ஹேவனில் (கோட்சியாஸின் அதே புரூக்ஹேவன்) 12 பேரை ட்ரெட்மில்லில் அரை மணி நேரம் ஓடவிட்டு, இறக்கி, உடனே ஸ்கேனில் படுக்க வைத்தார்கள். ஓட்டத்துக்கு முன், ஓட்டத்துக்குப் பின், இரண்டு படம். ஆவலோடு ஒப்பிட்டால்... குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் இல்லை! ‘ஓடினால் டோபமின் கூடும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இதை அனுப்புவதில்லை. அதற்காக டோபமின் கூடவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பஸ்ஸை விட்டு எல்லோரும் இறங்கின பிறகு துண்டு எண்ணினால் வேறென்ன தெரியும்?

அடுத்த வருஷம் ஜப்பானின் ஹமமட்சுவில் ஓட்டத்தை விட்டுவிட்டு நடையை எடுத்துக்கொண்டார்கள். ஆரோக்கியமானவர்களையும் பார்க்கின்சன் நோயாளிகளையும் நடக்க வைத்து ஸ்கேன் செய்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் டோபமின் மாறின இடங்களே வேறாக இருந்தன. சாதாரண ஆள் நடக்கையில் வேலை செய்யும் இடம் நோயாளிக்குக் கைகொடுக்கவில்லை. அவருடைய மூளை வேறு பகுதிகளை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. நடக்கும்போது அந்த மனிதர் ஏன் அவ்வளவு களைத்துப் போகிறார் என்பது இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் விளங்கின மாதிரி இருந்தது. நமக்குத் தானாக நடக்கிற காரியத்தை அவர் ஒவ்வொரு அடியாகக் கவனம் வைத்துச் செய்கிறார். பின்னாலிருந்து ‘சீக்கிரம் நடங்கப்பா’ என்று நாம் அவசரப்படுத்துகிறோம்.

இனி மண்டையைத் திறந்த கதை. பார்க்கின்சன் முற்றினவர்களுக்கு மூளைக்குள் மெல்லிய மின்கம்பி பொருத்தும் ஆபரேஷன் உண்டு. பேச்சும் அசைவும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நோயாளியை விழித்த நிலையிலேயே வைத்திருப்பார்கள். எப்படியும் திறந்திருக்கிறது, நோயாளியும் சம்மதிக்கிறார் என்று, அமெரிக்காவில் கிஷிடா, மாண்டேக் என்ற விஞ்ஞானிகளின் குழு, முடியைவிட மெல்லிய கார்பன் இழையை உள்ளே இறக்கி, ஒரு விநாடிக்குப் பத்து முறை டோபமினை அளந்தது. 17 நோயாளிகளின் கணக்கு 2016-ல் வெளியாயிற்று. ஆபரேஷன் மேஜையில் அந்த நோயாளிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? ஷேர் மார்க்கெட் விளையாட்டு! பந்தயம் கட்டிக் கட்டிப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். என்ன லாபம் வந்தது என்பதற்கு மட்டும் டோபமின் ஏறி இறங்கவில்லை. வேறு மாதிரிக் கட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தே ஏறி இறங்கியது. தலைக்குள்ளேயே ஒரு ஆடிட்டர்!

இவ்வளவு அளந்த பிறகும், உங்கள் ஊர் நரம்பு டாக்டரிடம் போனால் என்ன செய்கிறார்? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்கிறார். கையை மடக்கி நீட்டிப் பார்க்கிறார். ‘அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க’ என்கிறார். 1817-ல் பார்க்கின்சன் தெருவில் நின்று பார்த்த அதே முறை. கோவையில் பெட் ஸ்கேன் வந்தாயிற்று, பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்களுக்கு. டோபமின் ஸ்கேன் பெரிய நகரங்களில் சந்தேகமான கேஸ்களுக்கு மட்டும் எடுக்கிறார்கள். நல்ல டாக்டரின் கண்ணும், ‘மாத்திரை சாப்பிட்டதும் அசைவு வருதா?’ என்ற கேள்வியும்தான் இன்றைக்கும் முக்கியமான அளவுகோல். அதனால் வீட்டில் ஒருவருக்குக் கை வீசாமல் நடை குறுகினால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் அழைத்துப் போங்கள். அறிகுறி வெளியே தெரிவதற்குள் டோபமின் செய்யும் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும்.

பூனைக்காலியின் இரண்டாவது வருகையைச் சொல்லிவிடுகிறேன். 1978-ல் நம் நாட்டு டாக்டர்கள் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு விதைப் பொடியையே கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு, எது எதென்று சொல்லாமல், ஒரு நாள் மாத்திரையும் ஒரு நாள் பூனைக்காலிப் பொடியும் கொடுத்துப் பார்த்ததில், 30 கிராம் பொடி மாத்திரையைவிடச் சீக்கிரமாகவே வேலையை ஆரம்பித்தது. பொலிவியாவில் மாத்திரை வாங்க வசதியில்லாதவர்களுக்கு வறுத்த விதைப் பொடி உதவுமா என்று பரிசோதித்து 2017-ல் எழுதினார்கள். ஒரே வேளைக்கு மாத்திரைக்கு ஈடாக நின்றது.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விதையில் நூறு கிராமுக்கு நாலைந்து கிராம் எல்-டோபா இருக்கும் என்பது சராசரிக் கணக்கு. கொடிக்குக் கொடி மாறும். மாத்திரையில் மில்லிகிராம் அச்சடித்திருக்கிறது, பொட்டலத்தில் இல்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் இரட்டை டோஸ். தலை சுற்றிக் கீழே விழுவது, இல்லாத ஆள் எதிரே நிற்பதாகத் தெரிவது, கை கால் தானாக நெளிவது எல்லாம் அதிக டோபமினின் வேலைகள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது அதைவிட ஆபத்து. வேறு காரணத்துக்காக ரகசியமாக வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். உள்ளே போவது மூளையைத் தொடும் மருந்து.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடிகள் இந்த விதையைப் பருப்பு மாதிரிச் சாப்பிடுகிறார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துத் தாவரவியல்காரர்கள் 1990-களில் இதன் புரதத்தையும் எல்-டோபாவையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். புரதம் நிறைய. ஆனால் யாரும் அப்படியே சமைத்துவிடுவதில்லை. வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்டி, இப்படிப் பல தடவை. வியன்னாவில் நரம்பு வழியே ஏற்றி ஆட்களை எழுப்பி நடக்கவிட்ட அந்தச் சரக்கில் பெரும்பகுதி, அடுப்படிக்கு வெளியே கொட்டும் தண்ணீரோடு போய்விடுகிறது.